எதற்கென்று தெரியாத வரிசை

நாகசாகியில் வந்து இறங்கியதிலிருந்து நான் சுற்றிப் பார்த்தது பெரும்பாலும் மற்றவர்களின் முதுகுகளைத்தான்.

முதலில் டிராம் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த கேக் கடை முதுகுகள். பிறகு நூடுல்ஸ் கடை முதுகுகள். அப்புறம் மூக்குக்கண்ணாடிப் பாலம் என்ற பழைய கல்பாலத்தருகே, கரைச் சுவரில் பதித்த இதய வடிவக் கல்லைத் தொட்டுப் படம் எடுக்கக் காத்திருந்தவர்களின் முதுகுகள். வரிசையைக் கண்டால் தே-ஷுனின் கால்கள் தாமாகவே நின்றுவிடும். தைவானில் பிறந்த எல்லோருக்கும் இந்த வியாதி கொஞ்சம் உண்டு. இவனுக்கு முற்றிய நிலை.

"இவ்ளோ பேர் நிக்கிறாங்கன்னா சும்மாவா நிப்பாங்க, வான்-ச்சி?" என்பான்.

நாங்கள் இருவரும், ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் பார்க்கலாம் என்கிற ஒர்க்கிங் ஹாலிடே விசாவில் ஜப்பானுக்கு வந்தவர்கள். உன்சென் மலையில் ஒரு வெந்நீர் ஊற்று விடுதியில் வேலை. நான் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுவேன்; அவன் குளியல் தொட்டிகளைத் தேய்ப்பான். என் விடுமுறையும் அவன் விடுமுறையும் ஒரே நாளில் வந்ததே இல்லை. மாடிப்படியில் எதிரெதிரே கடக்கும்போது பேசிப் பேசியே காதலித்தோம். குழாய் பழுது பார்க்க விடுதியை ஒருநாள் மூடியதால்தான் இந்த நாகசாகிப் பயணம் வாய்த்தது.

அடுத்த வாரம் அவன் விசா முடிகிறது. தைவானில், தைச்சுங் நகரில், அவன் அப்பாவின் சைக்கிள் பாகங்கள் செய்யும் பட்டறைக்குத் திரும்பிவிடுவான். என்னை மட்டும் வேலை விசாவில் இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்கிறார் விடுதி முதலாளியம்மா. நாளைக் காலை அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். தே-ஷுனுக்கும் இது தெரியும். 'என்கூட வந்துடு' என்றோ 'இங்கேயே இரு' என்றோ ஏதாவது ஒன்றை அவன் வாயால் கேட்க வேண்டும் என்றுதான் காலையிலிருந்து அவன் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தேன்.

அவனோ பேச்சு அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஒரு வரிசையைக் கண்டுபிடித்தான்.

"நாளைக்கு முதலாளியம்மாகிட்ட..." என்று பாலத்தருகே ஆரம்பித்தேன்.

"அங்க பாரு, ரோஜாப்பூ மாதிரி ஐஸ்கிரீம் வெச்சுத் தராங்க. கூட்டத்தைப் பாரேன்!"

ஐஸ்கிரீம் நன்றாகத்தான் இருந்தது. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

மதியத்துக்கு மேல், டச்சுக்காரர் சரிவு என்ற பழைய கல்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஏறிக்கொண்டிருந்தோம். பெயர்ப்பலகை இல்லாத ஒரு மரக்கதவின் இடுக்கிலிருந்து கமகமவென்று சூப் வாசனை வந்தது. தே-ஷுன் நின்றுவிட்டான்.

"பேர் போடாத கடைதான் உண்மையான கடை. திறக்கட்டும், இருப்போம்."

"இங்க வரிசையே இல்லையே!"

"அதான் நாம முதல் ஆளு."

நானும் போய்க் கதவருகே நின்றேன். சற்று நேரத்தில், தைவானின் கீலுங் துறைமுகத்திலிருந்து வந்த கப்பல் பயணிகள் சிலர் கழுத்தில் அட்டையோடு சரிவில் ஏறி வந்தார்கள். எங்களைப் பார்த்ததும் அவர்கள் கால்களும் நின்றன. ஊதாத் தொப்பி வைத்த ஓர் அம்மாள் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "நம்ம ஊரா? இங்க என்ன விசேஷம்?" என்றார்.

"சூப்பா இருக்கும்னு நினைக்கிறேன், அக்கா," என்றான் தே-ஷுன்.

அக்கா என்றதில் குளிர்ந்துபோய், அவர் கப்பல் தோழிகள் அத்தனை பேரையும் கூப்பிட்டுவிட்டார். நான் திரும்பிப் பார்த்தபோது வரிசை சந்தின் வளைவைத் தாண்டியிருந்தது. ஒருவருக்கும் எதற்கென்று தெரியாது. எல்லோரும் சந்தோஷமாக நின்றார்கள்.

எனக்குள் ஏதோ அறுந்தது.

"டேய், நீ எதுக்குடா காத்திட்டிருக்க? நாளைக்கு நான் பதில் சொல்லணும். காலையிலேர்ந்து ஊர்ல இருக்கிற எல்லாருக்கும் பின்னாடி நின்னாச்சு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல உனக்கு நேரமில்லையா?"

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தே-ஷுனின் காதுகள் சிவந்தன.

"வரிசையில நின்னாத்தான் நீ என் பக்கத்துலயே நிக்கிற," என்றான் மெதுவாக. "விடுதியில ஓடிட்டே இருப்ப. ஒவ்வொரு வரிசையிலயும், நம்ம முறை வர்றதுக்குள்ள சொல்லிடணும்னு நினைப்பேன். அதுக்குள்ள முறை வந்துடுது."

"என்ன சொல்லணும்னு?"

"வான்னு சொன்னா, பிடிச்ச வேலையை விட்டுட்டு வந்துடுவ. இருன்னு சொன்னா, இவனுக்கு நான் வேண்டாம் போலன்னு நினைச்சுக்குவ."

"ஐயோ, தம்பி," என்றார் ஊதாத் தொப்பி. "கப்பல் கிளம்பிடும். ரெண்டுல ஒண்ணைச் சொல்லித் தொலைப்பா!"

தே-ஷுன் காலையில் வாங்கிய கேக் பொட்டலத்தைக் கைமாற்றிக்கொண்டான். "என்கூட வந்துடு, வான்-ச்சி."

அந்தச் சொல்லுக்காகத்தான் அத்தனை முதுகுகளையும் பொறுத்துக்கொண்டேன். கேட்ட பிறகுதான் என் பதிலும் எனக்குத் தெரிந்தது.

"வர மாட்டேன். இந்த ஒரு வருஷம் எனக்கு வேணும். முடிச்சிட்டு வரேன்."

பின்னாலிருந்து "அடடா" என்று பல குரல்கள். அவன் முகம் வாடியது.

"மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காத. கதவு திறக்குமான்னு தெரியாமலே நிக்கிற ஆளு நீ. வருவேன்னு நான் சொல்றேன். எனக்காக நிக்க மாட்டியா?"

அவன் யோசிக்கவே இல்லை. "நிப்பேன்."

யாரோ கை தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் மரக்கதவு திறந்தது. கரண்டியும் கையுமாக ஒரு நடுத்தர வயதுக்காரர். சந்து நிறைய நின்ற ஜனத்தைப் பார்த்து அரண்டுபோனவர், தப்பே செய்யாமல் இடுப்பு வளைத்து மன்னிப்புக் கேட்டார். இது கடை இல்லையாம், வீடாம். பிள்ளைகளுக்குச் சமைத்துக்கொண்டிருந்தாராம். எல்லோருக்கும் சேர்த்து நானும் வளைந்து மன்னிப்புக் கேட்டேன். அவர் மறுபடி வளைந்தார்.

"அப்போ சூப் கிடையாதா?" என்றார் ஊதாத் தொப்பி, ஏமாற்றத்தோடு.

சரிவில் இறங்கும்போது தே-ஷுன் என் கையைப் பிடித்திருந்தான். கீழே தெரு முனையில் ஒரு கூட்டம். அவன் நடை தளர்ந்தது.

"தே-ஷுன்!"

"இல்ல, சும்மா பாத்தேன்," என்றான். கால்கள் மட்டும் நகரவில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு அவனோடு போய் நின்றேன்.