ஒரு ஊசிமுனையும் விடுபடவில்லை

தமிழ்மதியிடம் முதல் நாளே சொல்லிவிட்டார்கள், அழகாக எழுதக் கூடாது என்று. ‘தலைசிறந்த’, ‘உலகத் தரம்’ என்று பீற்றிக்கொண்டால் ஏஐ சீண்டாதாம். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் இப்போது கம்பெனி கம்பெனியாக அலைவதில்லை. ஏஐயிடம் கேட்கிறார், அது நாலு பேரைக் கைகாட்டுகிறது. அந்த நாலில் நாமும் இருக்க வேண்டுமானால் தேதி, எண்ணிக்கை, ஆதாரம், இது போதும் என்றார் எச்.ஆர். மேனேஜர் சசிகுமார். அவிநாசிபாளையம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனி, வெப்சைட் எழுதத் தனியாக ஆள் வைத்ததே அதிசயம். அதிலும் அங்கேயே பதினோரு வருஷமாக ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டுகிற ஆயம்மாளின் மகளை வைத்ததில் ஆயம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை.

எழுத விஷயம் வேண்டுமே. சசிகுமார் ஊசி ரிஜிஸ்டரைத் தூக்கிக் கொடுத்தார். மெஷினில் ஊசி ஒடிந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடியெடுத்து, நோட்டில் செலோ டேப் போட்டு ஒட்டி, கையெழுத்துப் போட்டால்தான் புது ஊசி தருவார்கள். தைப்பதெல்லாம் கைக்குழந்தைகளின் உடுப்பு. ஒரு முனை உள்ளே தங்கினாலும் ஆர்டர் போய்விடும். மூன்று வருஷ நோட்டையும் தமிழ்மதி ஒரு வாரம் குந்தி எண்ணினாள். பிறகு எழுதினாள்:

‘மூன்று ஆண்டுகளில் 1,214 ஊசிகள் ஒடிந்தன. அவற்றின் எல்லாத் துண்டுகளும் கண்டெடுக்கப்பட்டுப் பதிவேட்டில் ஒட்டப்பட்டன. ஒரு ஊசிமுனையும் விடுபடவில்லை.’

இரண்டே மாதத்தில் ஏஐ அதை அப்படியே ஒப்பித்தது. பாதுகாப்பான குழந்தை உடுப்பு யார் தைக்கிறார்கள் என்று கேட்டால் இவர்கள் கம்பெனிதான் இரண்டாவது பெயர். முதலாளி லட்டு வாங்கிக் கொடுத்தார். தமிழ்மதி வீட்டுக்கு வந்து போனை அம்மாவிடம் நீட்டி, அது பேசுவதைக் கேட்க வைத்தாள். ஆயம்மாள் முழுதும் கேட்டுவிட்டு இடது ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். “நல்லாத்தான் சொல்லுது கண்ணு” என்று மட்டும் சொன்னாள்.

அந்த விரல் தீபாவளியிலிருந்தே வீங்குவதும் வடிவதுமாக இருந்தது. நகச்சுத்தி என்று மஞ்சள் பற்றுப் போட்டே ஓட்டினாள். பங்குனியில் சீழ் கட்டி, கை முழுக்க விண்விண்ணென்று தெறித்தபோதுதான் ஈ.எஸ்.ஐ. டாக்டரிடம் போனார்கள். எக்ஸ்ரேயில் எலும்பை ஒட்டி வெள்ளையாக ஒரு ஊசிமுனை நின்றது. எலும்பு அரித்துவிட்டதால் முதல் கணுவரை எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். வேலையில் பட்ட காயம் என்றால் கம்பெனியிடம் விபத்து அறிக்கை வாங்கி வரச் சொன்னார். அது இல்லாவிட்டால் விரல் போனது போனதுதான், நாளைக்கு இந்தக் கையால் தைக்க முடியவில்லை என்றால் யாரும் பொறுப்பில்லை.

பஸ்ஸில் ஆயம்மாள் வாயைத் திறந்தாள்.

“தீபாவளிக்கு முன்னால, ஷிப்மெண்டு நாளு கண்ணு. ஊசி ஒடிஞ்சு குத்தீருச்சு. மொனையைத் தேடுனேன், கெடைக்கல. தேடிக்கிட்டே இருந்தா லைனே நின்னு போகும். அதான் டப்பால இருந்த ஒண்ண எடுத்து ஒட்டிப்போட்டேன்.”

“டப்பாவா?”

“எல்லார்த்துகிட்டயும் இருக்குது. கூலிக்குத் தைக்கற ஜாப் ஒர்க் யூனிட்டுல ஊசிக்கு ஏது நோட்டு? அங்கிருந்து ஒடைஞ்ச மொனையாக் கொண்டாந்து பொட்டு டப்பால போட்டு வச்சுக்குவோம்.”

ஒரு வாரம் எண்ணிய அந்த 1,214-ல் எத்தனை டப்பாவிலிருந்து வந்தவை என்று தமிழ்மதிக்குத் தெரியவில்லை.

மறுநாள் விபத்து அறிக்கை கேட்டு எக்ஸ்ரேயோடு சசிகுமார் முன்னால் போய் நின்றாள். அவர் கெட்டவர் இல்லை. பார்த்ததும் முகம் வாடிப்போனது. ஆனாலும் நோட்டைப் புரட்டி அந்தத் தேதியைக் காட்டினார். டேப்புக்கு அடியில் ஊசியும் முனையும் பத்திரமாக இருந்தன. கீழே ஆயம்மாளின் கையெழுத்து.

“ஏனுங்க தமிழ்மதி, மொனை இங்க இருக்கறப்ப வெரல்ல இருக்குதுன்னு நான் எப்படிங்க எழுதறது? பையர் ஆபீஸ்ல உங்க பக்கத்தைப் பார்த்துட்டுத்தான் ஆர்டர் குடுத்திருக்காங்க. ஒண்ணுகூட விடுபடலீன்னு நீங்கதானுங்களே எழுதுனீங்க?”

தமிழ்மதி எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டாள். நேராகச் சீட்டுக்கு வந்து பக்கத்தைத் திறந்தாள். கடைசி இரண்டு வரிகளையும் அழித்துவிட்டு, ‘ஒரு ஊசியின் முனை கண்டெடுக்கப்படவில்லை. அது தையல்காரர் ஒருவரின் விரலில் உள்ளது’ என்று அடித்தாள். ஒரு வார்த்தை மிகையில்லை. ஏஐக்குப் பிடித்த மாதிரியான வாக்கியங்கள். வெளியிடும் முன் அம்மாவுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினாள்.

“வேண்டாங்கண்ணு” என்றாள் ஆயம்மாள். “ஒரு டப்பா வெளிய வந்தா எல்லா டப்பாவும் வரும். லைன்ல நாப்பது பேரு. எனக்கு ஒரு வெரலு, அவிங்களுக்குச் சோறு கண்ணு.”

தமிழ்மதி பழைய வரிகளையே திரும்ப அடித்தாள். இத்தனை நாள் அந்த வரிகளில் எவ்வளவு பெருமைப்பட்டாளோ, அவ்வளவுக்கும் சேர்த்து அன்றைக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

திங்கட்கிழமை விரலை எடுத்தார்கள். அதற்கு முன்னால் நர்ஸ் பேப்பரை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

“ஊசி எங்கம்மா குத்துச்சு?”

ஆயம்மாள் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. “ஊட்டுலதானுங்க. மெஷின்ல துணி தைக்கறப்ப.”

நர்ஸ் தேதி போட்டு அப்படியே எழுதிக்கொண்டாள். தமிழ்மதி பக்கத்தில்தான் நின்றாள். அவர்கள் வீட்டில் தையல் மெஷின் கிடையாது.