பதினெட்டு நாள் தளர்வு

ஏரம்பு எப்போதும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் அலுவலகத்துக்குள் வருவார். அன்று திங்கட்கிழமை காலை செருப்போடேயே வந்தார். கையில் கசங்கிக் கிடந்த கடிதத்தைக் கேதீஸ்வரியின் மேசையில், அவள் தட்டிக்கொண்டிருந்த கணினிக்கு மேலேயே போட்டார்.

“வாசியும் பிள்ளை. சத்தமா வாசியும். எனக்கும் கேக்கட்டும்.”

வேலை தொடங்கிய நாளிலிருந்து அவளை ‘மிஸ்’ என்று மட்டுமே கூப்பிட்ட மனிதர். கேதீஸ்வரி கடிதத்தை எடுத்தாள். நிறுவனத்தின் தலைப்புத் தாள். கடற்றொழிலாளர் சங்கத்துக்காகக் கட்டப்படும் ஐஸ் தொழிற்சாலை முப்பத்தொன்பது நாள் தாமதமாவதற்கு, மீன் ஏலத் தளத்தைக் கட்டிய மேசன் ஒப்பந்தக்காரர் க. ஏரம்பு அனுமதியின்றி ஆறு நாள் வேலைக்கு வராததே காரணம். எஞ்சிய மதில் வேலை அவரிடமிருந்து மீளப்பெறப்படுகிறது. ஒப்பந்தக்காரர் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீக்கப்படுகிறது. பின்னிணைப்பு: வேலைகளின் ஒழுங்கைக் காட்டும் வலைப்படம். தயாரித்தவர்: கே. கேதீஸ்வரி, திட்டமிடல் பொறியியலாளர்.

“அனுமதியின்றி,” என்றார் ஏரம்பு. “செத்துப்போன அண்ணற்றை அந்தியேட்டிக் கிரியைக்குக் கீரிமலைக்குப் போகவேணும், வீட்டுக் காரியமும் கிடக்கு, ஆறு நாள் தாங்கோ எண்டு நான் ஆரிட்டைக் கேட்டனான்? உந்தக் கதிரையிலை இருந்த உம்மட்டைத்தானே? நீர் என்ன சொன்னனீர்?”

அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. மாசி மாதம். சுவரில் ஒட்டியிருந்த பெரிய வலைப்படத்தில் அவருடைய தளத்தைக் குறித்த வட்டத்தில் விரலை வைத்து, “உங்கடை வேலைக்குப் பதினெட்டு நாள் தளர்வு கிடக்கு அண்ணை. ஆறு நாள் பிந்தினாலும் ஒரு குழப்பமும் இல்லை. போட்டு வாங்கோ” என்று சொன்னது அவள்தான்.

“நான்தான் விட்டனான்,” என்றாள்.

“அப்ப இதிலை கிடக்கிற பேர் ஆற்றை?”

அவள் பின்னிணைப்பைப் புரட்டினாள். முதலில் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வட்டங்கள் அவள் போட்டவை. அம்புக்குறிகள் அவள் போட்டவை. ஆனால் சிவப்புக் கோடு அவள் போட்ட இடத்தில் இல்லை. இயந்திரக் கொள்வனவு வழியாக ஓட வேண்டிய கோடு, ஏரம்புவின் ஏலத் தளத்துக்குள் புகுந்து வெளியே வந்திருந்தது.

விரலை வைத்து அந்தக் கோட்டைத் தொடக்கத்திலிருந்து பின்தொடர்ந்தாள்.

அந்த வலைப்படத்தை வரைய அவளுக்கு மூன்று கிழமை எடுத்தது. எழுபத்திரண்டு வேலைகள். எது முடிந்தால் எது தொடங்கலாம், எவையெவை ஒரே நேரத்தில் நடக்கலாம் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டுப் போட்டது. சங்கத்து ஆட்களுக்கு அதை விளங்கப்படுத்தியபோது, “எஞ்சின் பூட்டாமல் கடலுக்குப் போகேலாது. ஆனா ஒராள் எஞ்சின் பூட்டேக்கை மற்றாள் கிழிஞ்ச வலை பொத்தலாம் தானே? அதுதான் இது” என்றாள். “அப்ப மிஸ்ஸும் வலைதான் பின்னுறா” என்று அவர்கள் சிரித்தார்கள். தொடக்கத்திலிருந்து முடிவு வரை போகும் பாதைகளில் ஆக நீளமானது எதுவோ அதுதான் சிவப்புக் கோடு. அதிலுள்ள வேலை ஒரு நாள் பிந்தினால் முழுத் திட்டமும் ஒரு நாள் பிந்தும். மற்றப் பாதைகளில் உள்ள வேலைகளுக்குக் கொஞ்சம் தளர்வு இருக்கும்.

சிவப்புக் கோட்டின் முதல் வேலை, ஐஸ் இயந்திரத்துக்கான கொள்வனவுக் கட்டளையில் திட்ட முகாமையாளர் சிவசுப்பிரமணியம் கையெழுத்து வைப்பது. நவம்பர் பதினான்காம் திகதி வைத்திருக்க வேண்டும். அப்போது அவர் ரொறன்ரோவில் மருமகனின் கலியாண வீட்டில் நின்றார். “வேறை ஆரும் வைக்க வேண்டாம். வந்து பாக்கிறன்” என்று செய்தி அனுப்பினார். வந்து பார்த்துக் கையெழுத்து வைத்தது டிசம்பர் இருபத்துமூன்று. முப்பத்தொன்பது நாள். இயந்திரம் மார்ச் கடைசியில் வருவதற்குப் பதிலாக மே ஐந்தாம் திகதி வந்தது.

“இருங்கோ அண்ணை, வாறன்,” என்று கடிதத்தை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

“நான் இருக்க வரேல்லை,” என்றார் ஏரம்பு. “நேற்றுக் கொடிகாமச் சந்தையிலை ஒருத்தன் கேக்கிறான், மீன்பிடிச் சனத்தின்ரை வயித்திலை அடிச்ச மேசன் நீதானோ எண்டு. முப்பது வருசம் கரண்டி பிடிச்சவன் நான். நான் கட்டின ஒரு சுவர் சரிஞ்சதெண்டு ஆரும் சொல்லட்டும் பாப்பம். உம்மடை வாய்ச்சொல்லை நம்பினன் பாரும், அதுதான் நான் விட்ட பிழை.”

அவர் போய்விட்டார்.

சிவசுப்பிரமணியத்தின் அறைக் கதவை அவள் தட்டவில்லை. அவர் பணிஸ் ஒன்றைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

“என்ரை படத்தை ஆர் மாத்தினது சேர்?”

“இரும் கேதீஸ். ஏன் படபடக்கிறீர்?”

“ஆர் மாத்தினது?”

“மாத்தேல்லை. ஒரு அம்புக்குறிதான் போட்டனான். ஏலத் தளம் இறுகாமல் இயந்திரம் ஏத்தின லொறி உள்ளுக்கு வரேலாது. சரிதானே? இறுகுற காலம் இருபத்தெட்டு நாள். அவன் வராமல் நிண்ட ஆறு நாள். கிறேன் கிடைக்காமல் போனது அஞ்சு நாள். கூட்டிப் பாரும்.”

அவள் கூட்டிப் பார்க்கத் தேவையில்லை. ஆறும் இருபத்தெட்டும் ஐந்தும் முப்பத்தொன்பது. பொய்க்கு அளவெடுத்துச் சட்டை தைத்தது போல் அச்சொட்டாகப் பொருந்தியது.

“இயந்திர அறைக்கு வேறை தளம் சேர். அது பொங்கலுக்கு முன்னமே முடிஞ்சுது. ஏலத் தளத்துக்கும் இயந்திரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. லொறி அந்தப் பக்கம் வரவேயில்லை.”

“அது உமக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கொழும்பிலை இருந்து வாற ஆக்களுக்குத் தெரியுமே?” அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். “நாளைக்குக் காலமை சங்க மண்டபத்திலை கூட்டம். உதவி தாற அமைப்பின்ரை ரெண்டு பேர் வருகினம். ஏன் பிந்தினது எண்டு கேப்பினம். நான் கலியாணத்துக்குப் போனனான் எண்டே சொல்லச் சொல்லுறீர்? அடுத்த திட்டம் எங்களுக்கு வராது. உமக்கும் வேலை இராது. உவன் ஒரு மேசன். நாளைக்கே வேறை எங்கையாவது நாலு சுவர் கட்டுவான்.”

“பட்டியலிலை இருந்து பேரை எடுத்தால் எங்கை கட்டுறது?”

“நீர் படிச்ச பிள்ளை. நாளைக்குப் படத்தை நீர்தான் விளங்கப்படுத்த வேணும். வடிவா, ரெண்டு நிமிசத்திலை முடியும்.”

மேசையில் இருந்த தேநீர்க் கோப்பையை எடுத்து அந்த வெள்ளைச் சேட்டில் ஊற்றிவிடுவோமா என்று ஒரு கணம் உண்மையாகவே நினைத்தாள். கடிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அன்று மாலை அச்சுவேலிக்கு ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போகும் வழி முழுவதும் தனக்குள்ளேயே சண்டை பிடித்தாள். சிவசுப்பிரமணியத்தை ஏசினாள். பிறகு தன்னை ஏசினாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவருக்கு அனுப்பிய அறிக்கையில், ‘கையெழுத்துப் பிந்துகிறது, திட்டம் ஏழு நாள் பின்னால், பதினாலு நாள் பின்னால்’ என்று எழுதினாள்தான். ஆனால் அந்த அறிக்கை அவரைத் தாண்டி ஒருவருக்கும் போவதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். சங்கத்துச் சனம் கேட்டபோது, “கொஞ்சம் பிந்தும்” என்று மழுப்பியவளும் அவள்தான். எழுதி வைத்தால் தன் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டாள்.

வீட்டில் பழைய கோப்பைத் தேடி எடுத்தாள். பத்து மாதத்துக்கு முன், எல்லோரும் கையெழுத்து வைத்து ஏற்றுக்கொண்ட முதல் வலைப்படம். சிவசுப்பிரமணியத்தின் கையெழுத்தும் அதில் இருந்தது. ஏரம்புவுக்குத் தொலைபேசி எடுத்தாள். மூன்றாம் முறைதான் எடுத்தார்.

“நாளைக்குப் பத்து மணிக்குச் சங்க மண்டபத்துக்கு வாங்கோ அண்ணை.”

“இன்னும் என்னத்தைக் கேக்க?”

“நீங்கள் நிண்டால்தான் நான் நேராக் கதைப்பன்.”

தொடர்பு துண்டிக்கப்பட்டது.

ஆனால் மறுநாள் ஏரம்பு வந்திருந்தார். மண்டபத்தின் பின்சுவரோடு, கையைக் கட்டிக்கொண்டு. அவரைக் கண்டதும் பின்வரிசையில் இருந்த இரண்டு பேர் கதிரையைத் தள்ளிப் போட்டார்கள். முன்னால் கொழும்பிலிருந்து வந்த இருவர்; அவர்களில் தமிழ் தெரிந்த பெண்ணின் பெயர் தாரிகா. சங்கச் செயலாளர் செந்தூரன் பக்கத்தில் இருந்தான். மீன் விற்கும் பெண்கள் கூடைகளை வாசலில் வைத்துவிட்டு வந்து நிலத்தில் இருந்தார்கள். சிவசுப்பிரமணியம் பத்து நிமிடம் பேசினார். கடைசியில், “எங்கடை திட்டமிடல் பொறியியலாளர் இதை விளக்குவா” என்றார்.

கேதீஸ்வரி திரையில் புதிய படத்தைப் போட்டாள்.

“இதிலை என்ரை பேர் கிடக்கு. இதை நான் வரையேல்லை.”

பிறகு பழைய படத்தைச் சுவரில் விரித்தாள். ஒட்டும் நாடாவை செந்தூரன்தான் கிழித்துக் கொடுத்தான்.

“இதுதான் நான் வரைஞ்சது. ரெண்டுக்கும் ஒரு அம்புக்குறிதான் வித்தியாசம். ஏலத் தளம் இறுகின பிறகுதான் இயந்திரம் உள்ளுக்கு வரலாம் எண்டு புதுப் படம் சொல்லுது.” அவள் செந்தூரன் பக்கம் திரும்பினாள். “இயந்திரம் வந்தண்டு நீங்கள் நிண்டனீங்கள். லொறி எந்த வழியாலை வந்தது?”

“பின் வாசலாலை. கடற்கரைப் பக்கம்.”

“ஏலத் தளத்திலை ஏறினதோ?”

“எப்பிடி ஏறும்? அது முன்பக்கம் எல்லோ. நாங்கள் பதினைஞ்சு பேர் கயிறு பிடிச்சனாங்கள். ஊரே பாத்தது.”

“கேதீஸ், போதும்,” என்றார் சிவசுப்பிரமணியம்.

“இன்னும் முடியேல்லை சேர்.” அவள் குரல் உயர்ந்தது. உயரட்டும் என்று விட்டாள். “ஏரம்பு அண்ணைக்குப் பதினெட்டு நாள் இருந்தது. அவர் ஆறு நாள் எடுத்தார். அதுவும் என்னட்டைக் கேட்டு, நான் ஓம் எண்ட பிறகு. பன்ரெண்டு நாள் மிச்சம் வைச்சு வேலையை முடிச்சுத் தந்தார். சிவப்புக் கோட்டிலை கிடந்தது ஒரு கையெழுத்து. நவம்பர் பதினாலு வைக்கவேண்டியது. டிசம்பர் இருபத்துமூண்டு வைச்சது. முப்பத்தொன்பது நாளும் அந்தக் கையெழுத்துத்தான். இஞ்சை பாருங்கோ, ஒவ்வொரு வெள்ளியும் நான் அனுப்பின அறிக்கை.”

மண்டபத்தில் யாரோ தூஷணத்தில் ஏசினார்கள். யாரும் தடுக்கவில்லை. தாரிகா அறிக்கைகளை வாங்கித் திகதிகளைப் பார்த்தாள். சிவசுப்பிரமணியத்திடம், “அந்த நாட்களில் உங்களுக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்க ஒருவரும் இருக்கவில்லையா?” என்று கேட்டாள். அவர், “நான் சொந்த அலுவலாக...” என்று தொடங்கி நிறுத்தினார்.

அப்போதுதான் சுவர்ணா எழும்பினாள். மீன் விற்கும் பெண்களில் மூத்தவள். அவள் சிவசுப்பிரமணியத்தைப் பார்க்கவேயில்லை. கேதீஸ்வரியைப் பார்த்தாள்.

“பிள்ளை, உமக்கு இது எப்ப தெரியும்?”

“நவம்பரிலை.”

“இப்ப மே மாசம். சித்திரைக்குள்ளை ஐஸ் வருமெண்டு நம்பித்தானே நாங்கள் ஐஸ் லொறிக்காரனை வேண்டாமெண்டு விட்டனாங்கள்? போன கிழமையும் ரெண்டு கூடை சூடை மீன் பழுதாகி, கிடங்கு வெட்டித் தாட்டனாங்கள். ஒரு சொல்லு, பிந்தும் அக்கா, ஐஸ்காரனை விடாதேங்கோ எண்டு ஒரு சொல்லுச் சொல்ல உமக்கு வாய் இல்லையோ? உம்மடை பேரைக் கெடுத்த பிறகுதானே உமக்குக் கோவம் வந்தது?”

“ஓம் அக்கா. நான் சொல்லியிருக்க வேணும்” என்றாள் கேதீஸ்வரி. சுவர்ணாவின் முகம் இளகவில்லை.

அந்தக் கிழமையே ஏரம்புவுக்குக் கொடுத்த கடிதம் மீளப்பெறப்பட்டது. அதை அறிவித்துத் தபாலில் வந்த புதுக் கடிதத்தை அவர் வாங்க மறுத்தார். “ஊரறியப் பழி போட்டனீங்கள். ஊரறிய வாசியுங்கோ” என்று நின்றார். வேறு வழியில்லாமல் செந்தூரன் அதை மண்டபத்தில், எல்லோரையும் கூப்பிட்டு வைத்து, முழுதாக வாசித்தான். பட்டியலில் அவர் பெயர் திரும்பவும் ஏறியது. ஆனால் மதில் வேலைக்கு அவர் திரும்பி வரவில்லை. “என்னிலை பிழையில்லை எண்டு எழுதினால் மட்டும் போதாது. மன்னிப்பெண்டு ஒரு சொல்லு எழுதாத ஆக்களுக்கு நான் கல்லு வைக்க மாட்டன்” என்றார். அச்சுவேலியில் இருந்து வந்த வேறொரு மேசன் அதைக் கட்டி முடித்தான்.

சிவசுப்பிரமணியத்துக்குப் பதவி போகவில்லை. கையெழுத்து வைக்கும் அதிகாரம் மட்டும் இரண்டு பேருக்குப் பிரிக்கப்பட்டது. கேதீஸ்வரியைக் களஞ்சியத்தில் சீமெந்துப் பை எண்ண விட்டார்கள். இரண்டு கிழமை எண்ணினாள். மூன்றாம் கிழமை வேலையை விட்டாள்.

ஐஸ் ஜூன் ஒன்பதாம் திகதி வந்தது. திறப்புவிழாவுக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை.

இப்போது சாவகச்சேரியில் ஒரு தனியார் கட்டடக் கம்பனியில் இருக்கிறாள். அங்கே முதல் நாளே ஒரு நிபந்தனை போட்டாள். வலைப்படத்தை அலுவலகத்துக்குள் வைக்க மாட்டாள். தெருப் பக்கத்துத் தகர வேலியில்தான் ஒட்டுவாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாற்றி ஒட்டுகிறாள். பிந்திய வேலைக்குப் பக்கத்தில், பிந்தியவரின் பெயரை எழுதுகிறாள். முதலாளி ஒருநாள் வெளியே வந்து தன் பெயரைப் பார்த்துவிட்டு முகம் கறுத்தார்.

“இதென்ன தங்கச்சி, றோட்டாலை போற வாறவனெல்லாம் வாசிக்கிறான்?”

“அதுக்குத்தான் ஒட்டினது,” என்றாள் அவள். “நாளைக்குக் காலமைக்குள்ளை அந்தக் கம்பி வாங்கிற கட்டளையிலை கையெழுத்து வையுங்கோ, பேரை அழிக்கிறன்.”

அவர் அன்று பின்னேரமே வைத்தார்.