சுஜி வீட்டைத் தூக்கியபோது

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது தாம்பரத்தில் ஒரு ஜூஸ் கடையில். சனிக்கிழமைகளில் அந்தக் கடை மாடியில்தான் கதை எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளித் தோழி சுஜி அங்கே வந்து, அனகாபுத்தூரில் உள்ள தன் வீட்டை, வெள்ளம் புகாதபடி ஜாக்கி வைத்துத் தூக்கப்போவதாகச் சொன்னாள். எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுது. ஆனா என்னைப் பாவமா காட்டாத."

2

முதல் தொடக்கம்: 'அடையாறு மதம் பிடித்த யானையைப் போல…'

(அடித்துவிட்டேன். பார்க்காததைக் காட்டத்தான் உவமை. இங்கே வீட்டுக்குள் வெள்ளத்தைப் பார்க்காதவர் யார்?)

இரண்டாவது: தண்ணீர் சத்தமில்லாமல், குளியலறை ஓட்டை வழியாக வந்தது. விடிவதற்குள் ஃபிரிட்ஜ் மிதந்தது. அடுத்த வருஷமும் அப்படியே.

இது இருக்கட்டும்.

3

கதைக்கு ஒரு மோதல் வேண்டும். சுஜியின் கணவன் எபியை வில்லனாக்கப் பார்த்தேன். அவன் ஒத்துழைக்கவில்லை.

"வித்துட்டு நாவலூர்ல ஃபிளாட் பார்ப்போம் சுஜி. ஒவ்வொரு மழைக்கும் முழிச்சுக்கிட்டு கெடக்க முடியாது."

"எனக்கும் பயம்தான். அதான் தூக்கலாம்ங்கிறேன்."

"வீடு உடைஞ்சா?"

"உடைஞ்சா அப்புறம் ஃபிளாட்."

எபி பையை எடுத்துக்கொண்டு நாவலூரில் நண்பன் அறைக்குப் போய்விட்டான். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தால் கதை வலுக்கும் என்று வகுப்பில் சொல்வேன். எதிரே உட்கார்ந்து பார்க்க அது நன்றாக இல்லை.

4

தூக்கிய அன்று நான் அங்கே இருந்தேன். ஆகவே நோக்குநிலை என்னுடையது.

சுவருக்கு அடியில் வரிசையாக ஜாக்கிகள். மேஸ்திரி மோகன்ராஜ் விசில் ஊத, அவருடைய ஆட்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் திருகினார்கள். வீடு கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தது. பாதியில் 'மடார்' என்று ஒரு சத்தம். சமையலறைச் சுவரில் மேலிருந்து கீழ்வரை விரிசல்.

"இன்னா மேடம், நிறுத்திக்கலாமா?"

"நிறுத்துனா?"

"இப்டியே பாதில நின்னுகினு இருக்கும். எறக்குறதும் பேஜாருதான்."

சுஜி விரிசல் ஓடிய மூலையைப் பார்த்தாள்.*

"அப்ப அந்த மூலைக்கு முட்டுக் குடுங்க. மேல ஏத்துங்க."

முட்டுக் கொடுத்தார்கள். மறுபடி விசில். பொழுது சாய்வதற்குள் வீடு மூன்றடி உயரத்தில் நின்றது. சுஜி தெருவிலேயே உட்கார்ந்து அழுதாள். (இது அவளைப் பாவமாகக் காட்டுவது அல்ல. அதனால் எழுதுகிறேன்.)

* அவள் மனதில் என்ன ஓடியது என்று எழுதத் தொடங்கினேன்: 'அந்த நொடியில் அவள் எபியை…' எனக்குத் தெரியாது. விட்டுவிட்டேன்.

5

அடுத்த வாரம் எபி வந்தான். நானும் இருந்தேன். படி இன்னும் கட்டவில்லை. சுஜி வாசலில் மேலே, அவன் கீழே.

"விரிசல் விட்டுச்சாமே?"

"பூசியாச்சு."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"போனை நீ எடுக்கல எபி."

அவன் குனிந்து புதுச் செங்கல்லைத் தொட்டுப் பார்த்தான்.

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் அவள் கை நீட்டுகிறாள், அவன் ஏறுகிறான். இன்னொன்றில் மழை பிடித்துக்கொள்கிறது. (அன்று நல்ல வெயில்; அவள் கை நீட்டவும் இல்லை. இரண்டையும் அடித்துவிட்டேன்.)

நடந்தது இது. சுஜி உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து கீழே இறக்கினாள்.

"உக்காரவும் செய்யலாம், ஏறி வரவும் செய்யலாம். நீயே பாத்துக்கோ."

எபி அதைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் ஸ்கூட்டியைக் கிளப்பி வந்துவிட்டேன். அவன் ஏறினானா என்று பிறகும் சுஜியிடம் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை. நீங்கள் வேண்டுமானால் அவனை ஏற்றிவிடுங்கள்.