பின்சந்தில் முடிந்த பேச்சு

"யக்கா, மனசுல ஒண்ணும் வச்சிக்காத. அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் நீ இந்த வூட்ல இருக்கக் கூடாது."

சொன்னவர் வீட்டுத் தரகர் துரை. கேட்டுக்கொண்டு நின்றவள் செல்லியம்மாள், அந்த வீட்டின் சொந்தக்காரி. கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தவள் துடைப்பத்தோடு நிமிர்ந்தாள்.

"நான் எங்க போவட்டும்?"

"கொல்லப் பக்கமா போயி, பின்சந்துல சாயப்பட்டறையாண்ட கொஞ்ச நேரம் குந்திகினு இரு. ராவுகாலத்துக்கு முன்னாடி அவங்கள அனுப்பிட்டு ஆள் உடறேன். ஜல்தியா முடிஞ்சிரும்."

ஆரணியில் வீடு விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் துரையிடம் யோசனை கேட்பார்கள். கேட்காதவர்களுக்கும் அவர் வலியப் போய்ச் சொல்வார். விற்கிறவரிடம், "பழைய ஜாமான எல்லாம் பரண்ல ஏத்துங்க, கூடம் பெருசா தெரியும். சுண்ணாம்பு அடிங்க, ஆனா நேத்து அடிச்ச மாதிரி இருக்கக் கூடாது, எதையோ மறைக்கிறோம்னு நெனப்பாங்க" என்பார். வாங்குகிறவரிடம், "மழ பேஞ்ச மறுநாள் போயி பாருங்க. வில்லங்கம் பாக்காம முன்பணம் குடுக்காதீங்க. வூட்டுக்காரன் பேசறதக் கேக்கறதுக்கு முன்னாடி பக்கத்து வூட்டுக்காரன் பேசறதக் கேளுங்க" என்பார். எல்லாம் பொன்னான யோசனைகள்தான், குறை சொல்ல முடியாது. அதே மூச்சில், அதே குரலில், "வூட்ல தாலியறுத்த பொம்பள யாருனா இருந்தா கண்ணுல படாம பாத்துக்குங்க" என்பதையும் சேர்த்துக்கொள்வார். சுண்ணாம்பும் வில்லங்கமும் விதவையும் அவருக்கு ஒரே கணக்கு.

செல்லியம்மாளின் கணவன் போய் ஆறு வருஷம் ஆகிறது. கூடத்தில் இரண்டு குழித்தறிகள். ஒன்றில் தானே உட்கார்ந்து நெய்தாள், மற்றதில் கூலிக்கு ஆள் வைத்தாள். கூரை வேய்ந்திருந்த வீட்டுக்கு ஓடு போட்டதும் அவள்தான், மகளைப் பதினொன்றாவது வரை படிக்க வைத்ததும் அவள்தான். இப்போது அந்தப் பெண்ணுக்கு வேலூரில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. வீட்டை விற்று, பணம் கட்டி, அங்கேயே ஒரு சின்ன இடம் பார்த்து மகளோடு இருந்துவிடலாம் என்பது அவள் எண்ணம். மாதக் கடைசிக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

எதிர்வீட்டில் இருந்த கொழுந்தன் எல்லப்பனுக்கு வேறு எண்ணம். "பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்கு ஊசி போடற வேல? என் மச்சானுக்குக் கட்டிக் குடுங்க. வூட்ட நானே எடுத்துக்கறேன்" என்றான். அவன் சொன்ன விலைக்கு வேறு எங்காவது ஒரு மாட்டுக் கொட்டகை கிடைத்தால் அதிகம். ஆனால் அவன் அவசரப்படவில்லை. முதலில் வீடு பார்க்க வந்தவர்களுக்குச் செல்லியம்மாள் கதவைத் திறந்தாள். அவளுடைய வெறும் நெற்றியைப் பார்த்ததும், வந்திருந்த அம்மாள் எதையோ மறந்துவிட்டு வந்ததாகச் சொல்லிப் படியேறாமலே திரும்பிப் போனாள். அடுத்து வந்தவர்கள் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, சகுனம் சரியில்லை என்று துரையிடம் சொல்லி அனுப்பினார்கள். ஒவ்வொரு தடவையும் எல்லப்பனின் விலை ஒரு படி இறங்கியது. இந்த மூன்றாவது ஆளும் போய்விட்டால், வீடு அவனுக்கு, பெண் அவன் மச்சானுக்கு.

அதனால்தான் துரை இந்த முறை ஏற்பாட்டைப் பலமாகச் செய்திருந்தார். பக்கத்து வீட்டு அம்மணி, வெல்லக்கடைக்காரரின் மனைவி, நெற்றியில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமமும் தலை நிறையக் கனகாம்பரமுமாகக் கூடத்தில் வந்து நின்றாள். இன்றைக்கு அவள்தான் வீட்டுக்காரி.

"யக்கா, எனக்கு வெக்கமா கீதுக்கா" என்றாள் அம்மணி. "உன் வூட்ல நின்னுகினு என் வூடுன்னு எப்படிச் சொல்றது?"

"சொல்லிட்டுப் போ அம்மணி. எம் பொண்ணு படிக்கணும்."

"நீ ஒண்ணும் பேஜாராவாத" என்று துரை அம்மணிக்குத் தைரியம் சொன்னார். "சிரிச்ச மொகமா இரு. தண்ணியப் பத்தி இன்னா கேட்டாலும் பஞ்சமே இல்லன்னு சொல்லு. வாங்கறவங்க மொதல்ல கேக்கறது அதத்தான். மீதிய நான் பாத்துக்கறேன்."

செல்லியம்மாள் கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். தன் வீட்டைவிட்டுத் திருடியைப் போல நழுவுகிறோமே என்று உடம்பெல்லாம் எரிந்தது. அழுதால் கண் சிவந்து அதற்கும் துரை ஒரு யோசனை சொல்வார் என்று அழவில்லை.

சாயப்பட்டறையில் அன்றைக்கு மாம்பழ நிறம். நனைந்த பட்டு நூல் மூங்கிலில் வரிசையாகத் தொங்கியது, வாய்க்கால் மஞ்சளாக ஓடியது. வேப்பமரத்து நிழலில் ஒரு ஜட்கா நின்றது. வண்டிக்காரன் பீடி வாங்கப் போயிருந்தான். உள்ளே கால் நீட்டி உட்கார்ந்து, வேர்க்கடலையை உடைத்து வாயில் போட்டு, தோலைக் குதிரைக்கு முன்னால் எறிந்துகொண்டிருந்தாள் ஒரு பெரிய மனுஷி. அவள் நெற்றியும் வெறுமையாக இருந்தது.

பட்டறைக் கல்லில் வந்து உட்கார்ந்த செல்லியம்மாளை அவள் ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாம்மா, உன்னியும் ஓரங்கட்டிட்டாங்களா?"

செல்லியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வூடு பாக்க ஆள் வராங்கக்கா. நான் இருந்தா ஆவாதாம்."

"எந்த வூடு?"

"அதோ, அந்த ஓட்டு வூடு."

கடலையை உடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "யாரோடது?"

"என்னோடதுதான்."

பெரிய மனுஷி வாயில் இருந்த கடலையோடு சிரிக்க ஆரம்பித்தாள். வண்டியே ஆடியது. குதிரை காதை விறைத்துத் திரும்பிப் பார்த்தது.

"எம்புள்ளதாம்மா அந்த வூட்ட பாத்துகினு கீறான்! எனக்கு பெரணமல்லூரு, பேரு காத்தாயி. எங்கப்பன் எனக்குன்னு எழுதி வச்ச கயினிய வித்து அந்தப் பணத்துல வாங்கற வூடு. தரகன் சொன்னானாம், 'வூடு பாக்கப் போறப்போ சுமங்கலி முன்னாடி போவணும், உங்கம்மாவ சந்துலயே உட்டுட்டு வாங்க'ன்னு. பணம் இதோ என் இடுப்புல கீது. நான் மட்டும் வெளிய."

"எனக்கும் அந்தாளுதாங்க்கா சொன்னாரு. உள்ள எனக்கு பதிலா வூட்டுக்காரியா பக்கத்து வூட்டு அம்மணி நின்னுகினு கீது."

"அப்போ உள்ள விக்கறவளும் இல்ல, வாங்கறவளும் இல்ல" என்றாள் காத்தாயி. "யாருதான் பேசிக்கறாங்க அங்க? எறங்கி வரேன் இரு."

இறங்கி வந்து கல்லில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு கை கடலையை அள்ளி அவள் மடியில் போட்டாள்.

"நெசத்தச் சொல்லு தங்கச்சி. எதுக்கு விக்கற?"

செல்லியம்மாள் சொன்னாள். மகள், வேலூர், மாதக் கடைசி, எல்லப்பன், அவன் மச்சான், எதையும் மறைக்கவில்லை. இத்தனை நாளில் யாரும் அவளை இப்படி நேராகக் கேட்டதில்லை, அதனால் சொல்லச் சொல்ல நெஞ்சு லேசாயிற்று.

"சரி. தறிக்குழில தண்ணி ஊறுமா?"

"முன்ன ஊறும்க்கா. ஐப்பசி வந்தா கால் நனஞ்சிடும். அவரு போன அடுத்த வருசம் ஆள வச்சி அடியில கல்லு பரப்பி சிமிட்டி பூசினேன். அப்பறம் ஒரு சொட்டு வர்ல. ஆனா கெழக்குச் செவுத்துல ஒரு வெடிப்பு கீது. சுண்ணாம்ப அடிச்சி மறைன்னு தரகரு சொன்னாரு, நான் அடிக்கல. அத பாத்துட்டு வெல பேசுங்க."

"வேற?"

"காலங்காத்தால தெரு நீளத்துக்கும் நூல நீட்டி பாவு இழுப்பாங்க. அது முடியற வரைக்கும் வாசல்ல வண்டி நிக்காது. எதிர்வூட்டுக்காரரு பேச்ச காதுல போட்டுக்காதீங்க. அம்மணி தங்கம்."

விலைப் பேச்சு வந்தபோதுதான் வேடிக்கை. துரை இவளிடம் சொன்ன விலைக்கும் அவளிடம் சொன்ன விலைக்கும் நடுவே நல்ல எருமைமாடு ஒன்று நின்றது. அந்த எருமையை இரண்டு பேரும் பாதிப்பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். வெடிப்புக்குக் கொஞ்சம் தள்ளிக்கொண்டார்கள். அவ்வளவுதான் பேச்சு.

உள்ளே நிலைமை அப்படி இல்லை. காத்தாயியின் மகன் இராஜமாணிக்கம் ஆரணியில் அடுத்தவன் தறியில் கூலிக்கு நெய்கிறவன். சொந்தக் குழியில் உட்கார வேண்டும் என்பதே அவன் ஆசை. சுவரைப் பார்த்தான், வெளிச்சத்தைப் பார்த்தான், தறிக்குழியின் ஓரத்தில் குந்தினான். நாள் முழுக்கக் காலைத் தொங்கவிட்டு மிதி மிதிக்க வேண்டிய இடம் அது. ஈரம் நின்றால் நெய்கிறவனுக்குக் காய்ச்சல், நெய்கிற சேலைக்குக் கறை.

"குழியில தண்ணி எப்படிங்க?" என்று அம்மணியைக் கேட்டான்.

அம்மணி நெல்லுக்குப் பேர்போன களம்பூர்க்காரி. நெல்லைக் கையில் எடுத்தே ரகம் சொல்வாள், ஆனால் தறி தெரியாது. துரை சொல்லிக் கொடுத்தது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"தண்ணிக்குப் பஞ்சமே இல்லீங்க!"

இராஜமாணிக்கத்தின் முகம் மாறியது. "மழக்காலத்துல?"

"அப்போ கேக்கவே வாணாம். ரொம்பி வழியும்!"

துரைக்கு இருமல் வந்தது. இருமி முடித்து அவர் வாயைத் திறப்பதற்குள் இராஜமாணிக்கம் மனைவி சின்னபொண்ணைக் கூட்டிக்கொண்டு கொல்லைப் பக்கமாக வெளியேறிவிட்டான்.

"வாணாம்மா இந்த வூடு. கெளம்பு" என்றான் தாயிடம். "குழியில தண்ணி ரொம்பி வழியுமாம்."

"யாரு சொன்னது?"

"வூட்டுக்காரம்மாவே சொல்லுது."

"வூட்டுக்காரம்மா இங்க என் பக்கத்துல குந்திகினு கடல தின்னுகினு கீது" என்றாள் காத்தாயி. "உன் வூட்ட பேசி முடிச்சிட்டேன். வா, நானும் போயி பாக்கணும்."

விஷயம் புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் தாயின் முகத்தைப் பார்க்க முடியாமல் குதிரையைப் பார்த்தான். வெயிலில் பெற்றவளை வண்டியில் உட்கார வைத்துவிட்டுப் போனது அப்போதுதான் உறைத்தது. சின்னபொண்ணுதான் மாமியாரின் கையைப் பிடித்தாள்.

"வாங்க அத்த. நீங்க பாக்காம நாங்க பாத்து இன்னா ஆவப்போவுது?"

கொல்லைக் கதவு கொஞ்ச தூரத்தில் திறந்தே இருந்தது. காத்தாயி அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. "கொல்லப்பக்கமா பூந்து வூடு வாங்க நான் இன்னா களவாணியா?" என்று சந்தைச் சுற்றித் தெருவுக்கு நடந்தாள். செல்லியம்மாள் அவளுக்குச் சமமாக நடந்தாள். வெறும் நெற்றிகள் இரண்டு சேர்ந்து நல்ல நேரத்தில் நடுத்தெருவில் வருவதைத் தெரு முழுக்கப் பார்த்தது.

வாசலில் துரை இரண்டு கையையும் விரித்தார். "பெரியம்மா, நீங்க போயி இப்படி... சரி, பேச்சு முடிஞ்சிதுன்னு சொல்றீங்க, சந்தோசம். முன்பணத்தையாவது மொறயா செய்வோம். நீங்க மருமவ கையில குடுங்க, அவங்க அம்மணி கையில குடுக்கட்டும், அம்மணி யக்கா கையில..."

"உன் தரகு எப்படி வரணும்?" என்றாள் காத்தாயி.

"அது... நீங்க ரெண்டு பேரும் பாத்து குடுக்கறதுதான்."

"எங்க கையால வாங்கிப்பியா? அது தோசம் இல்லியா?"

துரை யோசித்தார். தொழில் நாணயம் உள்ளவர், பொய் சொல்லவில்லை. "தரகுக்கு அதெல்லாம் கெடையாதுங்க" என்றார்.

"அப்போ வழிய உடு."

விட்டார். காத்தாயி உள்ளே போய், குழியில் இறங்கி, வெறும் காலால் தரையைத் தேய்த்துப் பார்த்தாள். காய்ந்து கிடந்தது. இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து, அங்கேயே நின்று, பணத்தைச் செல்லியம்மாளின் கையில் வைத்தாள். இத்தனை பேர் பார்க்க ஒரு நல்ல காரியம் தன் கைவழியாக நடந்து ஆறு வருஷம் ஆகிவிட்டதே என்று நினைத்தாள் செல்லியம்மாள். கண் கலங்கியது, இந்தத் தடவை அதை அவள் அடக்கவில்லை. அம்மணி அவளைக் கட்டிக்கொண்டு இரண்டு பேருக்கும் சேர்த்து அழுதாள்.

அடுத்த வாரம் பத்திரம் பதிவானது. மாதம் முடியும் முன்பே மகள் வேலூரில் சேர்ந்தாள். துரைக்கு இரண்டு பக்கத் தரகும் இரண்டு விதவைகளின் கையிலிருந்து குறைவில்லாமல் வந்தது. எண்ணி, கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் பையில் போட்டார்.

அனுபவத்திலிருந்து பாடம் கற்காதவர் என்று துரையை யாரும் சொல்ல முடியாது. சில நாள் கழித்து வேறொரு தெருவில் வீடு விற்கப்போகும் ஜெயவேல் என்பவரிடம் உட்கார்ந்து வழக்கமான யோசனைகளைச் சொன்னார். பரண், சுண்ணாம்பு, வில்லங்கம் எல்லாம் ஆயிற்று. கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்க அக்கா தாலியறுத்துட்டு இங்கதான கீறாங்க? ஆள் வர அன்னிக்கு அவங்கள பின்சந்துக்கு மட்டும் அனுப்பிடாதீங்க. அங்க போனா யாருனா சேந்துகினு பேச ஆரமிச்சிடறாங்க. உள் ரூம்ல வச்சி, வெளிய தாழ் போட்டுடுங்க."

நல்ல யோசனை என்று ஜெயவேல் தலையாட்டினார்.

அந்த அக்காள் அடுப்படியிலிருந்து காபி கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். "காபி பிரமாதம்மா" என்று சொல்லி, துரை அதை ஒரு சொட்டு மீதி வைக்காமல் குடித்தார்.