முக்கு

மாஸ்டருக்கு எதிரி வெளியில் யாரும் இல்லை, அவருடைய வாய்தான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற தொழில். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் தனக்கென்று ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, "கிளட்ச்ச விடு, கண்ணாடியப் பாரு, முக்கு வருது, முக்கு, முக்கு, மெதுவா" என்று பதினாலு வருஷமாகக் கத்திக்கொண்டிருக்கிறார். தெருமுனை, திருப்பம், கார்னர், எல்லாமே அவருக்கு முக்குதான். கட்டிய மனைவிகூட அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவாள். அவளும் அவரிடம் ஓட்டப் பழகியவளே. மூன்றாவது டெஸ்ட்டில் லைசென்ஸ் வாங்கினாள், அந்த வருஷமே மாஸ்டரையும் கட்டிக்கொண்டாள்.

வினை அவள் பிள்ளையுண்டான ஏழாம் மாதத்தில் வந்தது. கால் இரண்டும் வீங்கி, ராத்திரியெல்லாம் புரண்டு படுத்த களைப்பில் அவள், "எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள். மாஸ்டர் தட்டிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"எல்லாப் பொம்பளையும்தான் பெத்துக்கிறாங்க. எங்கம்மா நாலு பெத்தாங்க. ஒரு நாள் முடியலைன்னு படுத்ததில்ல."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். அவள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள்.

"பிரசவத்துக்கு நீங்க உள்ள வரணும். கூட நின்னு பாக்கணும். ஆனா அங்க நீங்க மாஸ்டர் இல்ல. ஒரே ஒரு யோசனை சொன்னாலும் வெளிய அனுப்பச் சொல்லிடுவேன். அப்புறம் துணியில சுத்திக் கொண்டுவந்து காட்டுவாங்க, எல்லாரோடயும் சேர்ந்து நின்னு பாத்துக்கலாம்."

மாஸ்டர் ஆடிப்போனார். ஏனென்றால் அந்தப் பிள்ளை தினமும் சாயங்காலம் அவர் கை வைத்தால் மட்டும் உதைக்கும். அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அது வெளியே வரும்போது முதல் ஆளாகப் பார்க்க வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. "வாயே திறக்க மாட்டேன்" என்று சத்தியம் செய்தார். அவள் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் அவருக்கே நம்பிக்கை இல்லை.

வலி கண்ட அன்று காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாஸ்டரின் அம்மா ஃபிளாஸ்க்கும் கையுமாக வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே ஒரு கட்டில், பச்சைத் துணி, ஸ்டீல் தட்டு, பிள்ளையின் இதயத்துடிப்பைக் காகிதத்தில் கிறுக்கிக்கொண்டே இருக்கிற ஒரு மெஷின். பெரிய சிஸ்டர் என்று எல்லோரும் கூப்பிடுகிற, அகலமான ஒரு அம்மாள் அங்கே ராஜ்ஜியம் நடத்தினாள்.

வலி வந்து வந்து போயிற்று. வருகிறபோதெல்லாம் அவள் மாஸ்டரின் விரல்களைப் பிடித்து நெரித்தாள். மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அவருடைய வலது கால் மட்டும் தன்பாட்டுக்குத் தரையை அழுத்து அழுத்து என்று அழுத்தியது. அங்கே ஏது பிரேக்? மொசைக் தரைதான் இருந்தது.

பத்து மணி, பன்னிரண்டு, இரண்டு. மனுஷன் ஒரு வார்த்தை பேசவில்லையே, அதைச் சொல்ல வேண்டும். அவருடைய சர்வீஸில் அது ஒரு சாதனை.

இரண்டரை மணிக்குப் பெரிய சிஸ்டர் குனிந்து பார்த்துவிட்டு, "வந்தாச்சு. மூச்ச நல்லா இழுத்துப் பிடிச்சு முக்கும்மா. ம், முக்கு! முக்கு, முக்கு!" என்றாள்.

பதினாலு வருஷத்துப் பழக்கம் எங்கே போகும்?

"முக்குல எதுக்கும்மா வேகம்? பிரேக்கப் பிடி, பிரேக்கப் பிடி!"

அறையே அப்படியே நின்றுவிட்டது. மாஸ்டருக்குத் தான் என்ன சொன்னோம் என்பது அதற்குப் பிறகுதான் காதில் விழுந்தது. பெரிய சிஸ்டர் நிமிர்ந்தாள்.

"யாரு சார் நீங்க? பெத்துக்கிற நேரத்துல பிரேக் பிடிக்கச் சொல்றீங்க? முதல்ல வெளிய போங்க."

மாஸ்டர் பேயறைந்த மாதிரி நின்றார். ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே. விரல்களை மெல்ல உருவிக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினார். சட்டை பின்னால் இழுபட்டது.

கட்டிலில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வேர்வையும் கண்ணீரும் ஒன்றாக வழிய, மூச்சு முட்ட முட்டச் சிரித்தாள். "இருக்கட்டும் சிஸ்டர். பிரேக் இல்லாத வண்டிய அவரும் ஒரு தடவ பாக்கட்டும்."

பெரிய சிஸ்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னொரு தடவ வாயத் திறந்தீங்க, தையல் போட்டுடுவேன்."

பிறகு யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வலியில் அவள் போட்ட சத்தம் அவர் அதுவரை கேட்ட அவளுடைய குரலே இல்லை. கழுத்து நரம்பெல்லாம் கயிறாகப் புடைத்தது. முடிந்தது என்று அவர் நினைத்தபோது முடியவில்லை. அவள் செத்துப்போவாள் என்று பயந்தார். செத்துப்போய்விடாதே என்று மனசுக்குள் கும்பிட்டார். அவளோ ஒரு மூச்சு வாங்கிவிட்டு, உதட்டைத் துடைத்துக்கொண்டு, வேலைக்குத் திரும்புகிறவளைப் போல மறுபடியும் முக்கினாள். இவ்வளவு பலத்தை இவள் இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாள் என்று அவருக்குப் புரியவே இல்லை.

கறுகறுவென்று முடி தெரிந்தது. தலை வந்தது, ஒரு தோள் வந்தது, அப்புறம் மொத்தமும் வழுக்கிக்கொண்டு சிஸ்டரின் கைக்கு வந்து வீல் என்று கத்தியது. மாஸ்டர் அதைவிடச் சத்தமாக அழுதார். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததில்லை, இவ்வளவு வெட்கமாகவும் இருந்ததில்லை.

"நான் சொன்னது தப்பும்மா" என்றார் அவள் நெற்றியைத் துடைத்துவிட்டு.

"எது? பிரேக்கா?"

"எல்லாப் பொம்பளையும்தான் பெத்துக்கிறாங்கன்னு சொன்னேனே."

"அது தப்பு இல்லீங்க. எல்லாப் பொம்பளையும்தான் பெத்துக்கிறாங்க. அதப் பாருங்கன்னுதான் கூப்பிட்டேன்." பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் கண்ணை மூடினாள். "போங்க, வெளிய அத்தை காத்துக்கிட்டிருப்பாங்க."

வராந்தாவில் அம்மா பதறி எழுந்தாள். "என்னடா ஆச்சு? ஏன் இப்படி அழுதிருக்க?"

"ரெண்டு பேரும் நல்லா இருக்காங்கம்மா." மாஸ்டர் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "அம்மா, என்னப் பெத்தப்ப உனக்கு எவ்வளவு நேரமாச்சு?"

அம்மா விழித்தாள். "ரெண்டு நாள்."

"ரெண்டு நாளா?"

"தலை திரும்பலியே உனக்கு. ரெண்டாம் நாள் சாயங்காலம் டாக்டரே கையப் பிசைஞ்சாரு. உங்கப்பா இங்க மாதிரிதான் ஒரு பெஞ்சில உக்காந்து பேப்பர் படிச்சாரு."

"இத்தனை வருஷமா ஏம்மா சொல்லவே இல்ல?"

"யாரு கேட்டா?" என்றாள் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை, மணி என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

மாஸ்டர் நாற்காலிக்குப் பக்கத்தில் வெறும் தரையில் உட்கார்ந்தார். "நான் கேக்கிறேன். முதல்லேருந்து சொல்லும்மா."

அம்மா அவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆரம்பித்தாள். தண்ணீர்க் குடத்தோடு படியில் ஏறும்போது முதல் வலி வந்தது, அதை யாரிடமும் சொல்லாமல் சோறு வடித்தது, பக்கத்து வீட்டுக்காரி கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனது எல்லாம் வந்தது. கண் பளபளக்க, கையை ஆட்டி ஆட்டி, நேற்று நடந்த மாதிரி சொன்னாள். மாஸ்டர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டாம் நாள் காலை வரைக்கும் வந்த பிறகுதான் அம்மாவுக்குச் சட்டென்று நினைவு வந்தது.

"அட பாவி, என்ன பிள்ளைன்னே நீ இன்னும் சொல்லலியேடா."

"பொண்ணும்மா" என்றார் மாஸ்டர். "நீ சொல்லு. அப்புறம் என்ன ஆச்சு?"