நாற்பத்து மூன்று கையெழுத்துகள்

முதல் நாளே டாக்டரிடம் முடிவுத் தேதி கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இது பாலம் கட்டற வேலை இல்லம்மா,” என்றார். என் வேலையே பாலம் கட்டுவதுதான். இருபத்திரண்டு வருஷமாக ப்ராஜெக்ட் மேனேஜர். தேதி வாங்காமல் எந்தக் கூட்டத்திலிருந்தும் நான் எழுந்து வந்ததில்லை.

கணையத்தில் கட்டி. இரண்டு வாரத்துக்கு ஒன்றாக ஆறு கீமோ, அப்புறம் ஆபரேஷன். ஃப்ரிட்ஜ் கதவில் அட்டவணை ஒட்டினேன். முடி கொட்டுவதற்குக்கூட நாள் குறித்திருந்தேன். அது இரண்டு நாள் முன்னதாகவே கொட்டத் தொடங்கியது. “பரவால்லையே, ஒரு வேலையாவது சீக்கிரம் முடியுது!” என்று குளியலறைக்குள்ளிருந்து கத்தினேன். வெளியே நின்ற என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

நான்காவது கீமோவுக்குப் பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரலுக்குப் பரவியிருந்தது. ஆபரேஷன் கிடையாது என்றார் டாக்டர். “எவ்ளோ நாள்?” என்றேன். “மாசக்கணக்குதாம்மா. வருஷம்னு சொல்ல முடியல,” என்றார். காருக்குள் உட்கார்ந்து அழுது தீர்த்தேன். வீட்டுக்கு வந்ததும் அட்டவணையைக் கிழித்துப்போட்டுவிட்டு வேறொரு பட்டியல் எழுத ஆரம்பித்தேன்.

எங்கள் சைட்டில் நான் கொண்டுவந்த சட்டம் ஒன்று உண்டு. வேலையை விட்டோ லீவிலோ போகிறவர் தன் பொறுப்பையெல்லாம் பட்டியல் போட்டு அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வாங்கிக்கொள்கிறவர் ஒவ்வொரு வரிக்கும் எதிரே உள்ள கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் ஆளை விடமாட்டேன். ஒரு இன்ஜினியர் கல்யாணம் என்று வந்து நின்றான். “அதைத் தள்ளி வைப்பா,” என்றேன். என் முதுகுக்குப் பின்னால் ‘பூட்டு’ என்பார்கள். இதையெல்லாம் சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் பெருமையாக அளப்பேன்.

அதே மாதிரி வீட்டுக்கும் ஒரு பட்டியல். மொத்தம் நாற்பத்து மூன்று வரிகள். வாஷிங் மெஷின், மகளுடைய இன்ஹேலர், தொட்டியில் தண்ணீர் ஏற்றும் மோட்டார், இன்ஷூரன்ஸ் காகிதம் இருக்கும் இழுப்பறை, மகள் பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டால் எத்தனை நேரம் பொறுக்கலாம் என்பது வரை.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நான் சொல்லச் சொல்லத் தலையாட்டுவார். மறுநாள் எல்லாவற்றையும் சொதப்பி வைப்பார். வெள்ளைச் சட்டைகள் மூன்று முறை ரோஸ் நிறமாக வெளியே வந்தன. மோட்டாரை நிறுத்த மறந்து மாடிப்படி முழுக்கத் தண்ணீர். எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வரும்.

“ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் அல்ஜீப்ரா சொல்லிக்கொடுக்கறீங்க, ஒரு பட்டனைப் பார்த்து அமுக்கத் தெரியாதா? நான் போனப்புறம் நம்ம பொண்ணு என்ன பண்ணுவா, சொல்லுங்க!”

“இன்னொரு தடவை சொல்லிக்கொடும்மா. மண்டையில ஏற மாட்டேங்குது.”

நிற்கத் தெம்பில்லாமல் மெஷின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மறுபடி முதலிலிருந்து சொல்வேன். ஏழு வாரம் இப்படியே போனது. ஒரு கட்டத்தில்கூடக் கையெழுத்து விழவில்லை.

பிறகு காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தேன். நாளைக்குத்தான் அனுப்புவோம் என்றவர்கள் ஒருநாள் முன்னதாகவே அனுப்பிவிட்டார்கள். யாருக்கும் சொல்லாமல் டாக்சி பிடித்து வந்தேன். இந்த மனுஷன் வீட்டை என்ன லட்சணத்தில் வைத்திருக்கிறார் என்று கையும் களவுமாகப் பிடிக்கும் எண்ணம்தான்.

வீடு பளிச்சென்று இருந்தது. சட்டைகள் வெள்ளை வெளேரென்று மடித்து அடுக்கப்பட்டிருந்தன. இன்ஹேலரில் எத்தனை முறைக்கு மருந்து மிச்சம் என்று சீட்டு எழுதி ஒட்டியிருந்தது. அதை நான்கூடச் செய்ததில்லை.

“யாரடி வேலைக்கு வந்தது?” என்று மகளைக் கேட்டேன்.

பதினாறு வயசுக்காரி, திருதிருவென்று விழித்தாள். “அப்பாதான்மா. நீங்க ஆஸ்பத்திரிக்குப் போற நாளெல்லாம் அவர்தான் எல்லாம் பண்றார். உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார்.”

பின்பக்கம் போனேன். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த ஈரத்துணியை என்ன செய்வதென்று தெரியாமல் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே என்னைக் கத்த விட்டீங்களா? உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?”

“நீதானே சொல்லுவ,” என்றார். “ஒரு கட்டம் பாக்கி இருந்தாலும் ஆளை விடமாட்டேன்னு. நான் நாப்பத்து மூணும் பாக்கி வெச்சேன்.”

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பைத்தியக்கார மனுஷா என்று திட்ட வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. மாசக்கணக்கு என்று டாக்டர் சொன்னதில் ஏழு வாரத்தை நான் துணி துவைக்கச் சொல்லிக்கொடுத்தே தொலைத்திருந்தேன். அவர் தெரியாத மாதிரி நடித்தே தொலைத்திருந்தார். இருவரும் ஒரு நாள்கூடச் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கவில்லை.

“கையெழுத்தைப் போடுங்க,” என்றேன்.

“மாட்டேன்.”

“நான் போறதுக்கு இல்லீங்க. இது முடிஞ்சாத்தான் உங்ககூட உட்கார முடியும். முடியாத வேலையை வெச்சுக்கிட்டு எனக்கு உட்காரத் தெரியாது. உங்களுக்குத் தெரியாதா என்னை?”

ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டார். பிறகு சமையலறை மேஜைக்கு வந்து, விடைத்தாள் திருத்துகிற சிவப்புப் பேனாவை எடுத்தார். ஒவ்வொரு வரியையும் படித்துப் படித்துக் கையெழுத்துப் போட்டார். இன்ஹேலர் வரியை இரண்டு முறை படித்தார். மகள் வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். நாற்பத்து மூன்றாவதைப் போட்டுவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினார்.

நான் ஒரு வரியையும் சரிபார்க்கவில்லை. நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். செய்வதற்கு இனி ஒன்றுமே இல்லை. இத்தனை நாள் வேலை வேலை என்று நான் தள்ளிவைத்திருந்தது அப்போதுதான் முழுசாக வந்து நெஞ்சில் ஏறியது.

“எனக்குச் சாகப் பிடிக்கலீங்க,” என்றேன். “ரொம்ப பயமா இருக்கு.”

“எனக்கும்தாம்மா,” என்றார்.