செலவாகும்னு சொல்லிடுங்க

1

இந்தக் கதை எனக்குக் கண்ணை மூடிக்கொண்டிருந்தபோது கிடைத்தது. பெருமைக்குச் சொல்லவில்லை. கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டுவிட்டு, "கண்ணத் தொறந்துடாதீங்கம்மா" என்று ஒரு பெண் என்னைத் தோளைப் பிடித்து பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் போனாள். பக்கத்தில் யாரோ இரண்டு பேர், ஒரு ஆணும் ஒரு பெண்ணும். முகம் தெரியாது. குரல் மட்டும்தான்.

"செலவாகும்னு சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன்."

"என்னவாம்?"

"டென்ட்ட இரவல் வாங்கிட்டானாம். ரயிலுக்குப் பதிலா ஏதோ வேன் பேசிட்டானாம். மலை மேல அஞ்சு நாளும் காசே ஆகாதுங்கிறான்."

"சைக்கிளுக்கு?"

"அதுக்கும் வழி பண்ணுவான். உன் தம்பியாச்சே."

பிறகு அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்.

"அப்போ வேற செலவு சொல்லிடுங்க."

அதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். மருத்துவர் மேலே பார், கீழே பார் என்கிறார். நான் காதை வெளியே பெஞ்சிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். திரும்பி வந்தபோது பெஞ்ச் காலி.

கண் மருத்துவமனையில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் சைக்கிள் பயணத்துக்குக் காசில்லை என்று சொல்ல ஒத்திகை பார்க்கிறார் என்றால், காசு அல்ல காரணம் என்பது எனக்கே புரிந்தது. மீதியை நான்தான் கட்ட வேண்டியிருக்கிறது. கோணல் இருந்தால் என்னுடையது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"மலைமுகட்டில் மேகம் தவழ்ந்துகொண்டிருந்த அந்த இனிய காலையில், இரண்டு சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக—"

விட்டுவிட்டேன். இந்தக் கதையில் யாரும் அந்த மலைக்குப் போகவில்லை. போகாத மலையில் மேகத்தை மட்டும் அனுப்பி என்ன செய்ய?

அடுத்து:

"அவர் ஒரு கல்லூரி ஆசிரியர்—"

அந்த மனிதர் வாயைத் திறந்தாலே பாடம் எடுத்தார். மரியாதையாக வழியனுப்பிவிட்டேன்.

மூன்றாவதாக வந்தவர் குழாய் வேலை செய்பவர். வந்தவர் பேசவே இல்லை. என் சமையலறைத் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, கையை மட்டும் வெளியே நீட்டி, "அந்த ஸ்பேனரக் குடுங்க" என்றார். இவர்தான் என்று பட்டது. தொட்டிக்கு அடியில் படுத்தால் யாருக்குத்தான் கண் தெரிகிறது? அங்கே வேலை விரலுக்கு. அதனால்தான் இவ்வளவு நாள் வேலை செய்யும் இடத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அவருக்கு ஓரப் பார்வை போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஒரு வட்டம் மட்டும் தெளிவாக இருக்கும். சுற்றிலும் ஒன்றும் இருக்காது. வட்டம் சுருங்கிக்கொண்டே வரும், போனது திரும்பாது, சைக்கிளைத் தொடாதீர்கள் என்று மருத்துவர் சொல்லியாயிற்று. வீட்டுக்கு வரும் வழியில் அவர் மனைவியிடம் சொன்னார்:

"ஊருக்கெல்லாம் குழாய் மாட்டினேன். இப்ப எனக்கே ரெண்டு மாட்டி விட்டுட்டாங்க, அது வழியா பாருன்னு."

அவள் சிரிக்கவில்லை. அவர் சிரித்தார். பிறகு அவரும் நிறுத்திக்கொண்டார்.

3

சனிக்கிழமை சாயங்காலம் என்றால் மைத்துனன் வந்துவிடுவான். அவள் தம்பி. பல் செட்டு செய்யும் பட்டறையில் வேலை. மணிக்கட்டில் எப்போதும் வெள்ளையாகப் பிளாஸ்டர் மாவு ஒட்டியிருக்கும். "ஊர்ல பாதிப் பேர் சிரிக்கிறது என் சிரிப்பு" என்பான். வந்ததும் சாப்பாட்டு மேசையில் மேப்பை விரிப்பான். ஒரு மூலைக்குச் சர்க்கரை டப்பா, ஒரு மூலைக்கு மாமாவின் ஸ்பேனர்.

"முதல் நாள் இதுவரைக்கும் ஏறிடலாம் மாமா. மரம் வெட்டறவங்க போட்ட மண் ரோடு. ரெண்டாம் நாள்தான் முகடு. ஒத்தையடிப் பாதை, ரெண்டு பக்கமும் சரிவு. அங்கதான் விஷயமே இருக்கு."

"என் சைக்கிள்ல முன்னாடி ஷாக் அப்சார்பர் செத்துப் போச்சு மாப்ள. புதுசு என்ன விலை தெரியுமா?"

"பழசு ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். எண்ணெய் மாத்தினா போதும்."

"தங்கறதுக்கு?"

"ரெண்டு நாள் டென்ட். அப்புறம் மாடு மேய்க்கிறவங்க விட்டுட்டுப் போன குடிசை இருக்கு. கதவும் கிடையாது, வாடகையும் கிடையாது."

"அங்க வரைக்கும் ரயில்ல ரெண்டு சைக்கிள ஏத்தணும். அதுக்குத் தனிக் காசு."

"எங்க பட்டறை வேன் மலையடிவாரத்துக்குப் பல்லு கொண்டு போகுது. பல்லோட பல்லா நாமளும் போயிடலாம்."

"சாப்பாடு?"

"ரொட்டி, கடலை, உலர்ந்த பழம். அடுப்புகூட செஞ்சாச்சு, டப்பாவுல ஓட்டை போட்டு."

"பல்லு செய்யற கையாலயா?"

"கழுவிட்டுத்தான் மாமா!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் மேப்பின் மேல் குனிந்திருந்தார். வட்டத்துக்குள் ஒரு விரல்கடை பாதை தெரிந்தது. தலையை நகர்த்தி நகர்த்தி அதைப் பிடித்துக்கொண்டே போனார். மைத்துனனுக்கு அது ஆசையாகத் தெரிந்தது.

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "அஞ்சு நாள் வேலைக்குப் போகலைன்னா அந்தக் கூலிய யாருடா குடுப்பா?"

(அவளுக்கு ஒரு வேலை வேண்டுமே என்று யோசித்தேன். குளிர்சாதனப் பெட்டிக் கம்பெனியில் தொலைபேசியில் புகார் கேட்கிறவள். "பாகம் இன்னும் வரலைங்க, அடுத்த வாரம் வந்துடும்" என்று நாள் முழுக்கச் சொல்கிறவள். சாக்கு அவளுக்குத் தொழில். ஆனால் வீட்டில் ஒவ்வொரு சாக்குக்கும் அவள் குரல் கொஞ்சம் கம்மியது. இதை அவள் தம்பி கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. கூலிக் கணக்கைப் பெருக்கிக் கழித்துக்கொண்டிருந்தான்.)

4

இங்கே எனக்குக் கோபம் வந்தது. எழுதுவதை நிறுத்திவிட்டு அவரிடமே நேராகக் கேட்டேன்.

"ஏம்ப்பா, உள்ளதச் சொல்லித் தொலைக்கிறதுதானே?"

"சொன்னா சனிக்கிழமை வரமாட்டான்மா."

"அப்படிப்பட்டவனா அவன்? வருவான்."

"வருவான். ஆரஞ்சு வாங்கிட்டு வருவான். மேப் எடுத்துட்டு வரமாட்டான்."

அவர் கணக்கு அதுதான். பயணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் திட்டம் செத்துப்போகும். வருகிறேன் என்றால் முகட்டில் அவர் செத்துப்போவார். நடுவில் ஒரு இடம் இருக்கிறது: போகத்தான் வேண்டும், ஆனால் இப்போது கையில் காசில்லை. அந்த இடத்தில் இருக்கும்வரை மேசையில் மேப் விரிந்தே இருக்கும். ஒவ்வொரு வாரமும் அவருக்குத் தேவைப்பட்டதெல்லாம் ஒரு சின்னச் செலவு. தள்ளிப்போடும் அளவுக்குப் பெரியது, கைவிடும் அளவுக்கு இல்லாதது.

அவர் ஒன்றை மறந்துவிட்டார். அந்தப் பையனுக்கு அவர்மேல் உயிர். காசுதான் குறுக்கே நிற்கிறது என்று நம்பிவிட்டால் அதை நகர்த்தாமல் விடமாட்டான்.*

* "பையன்" என்கிறேனே தவிர அவனுக்கும் காதோரம் நரைத்துவிட்டது. அக்கா வீட்டுக்கு வந்தால் எல்லாத் தம்பிகளும் பையன்கள்தான்.

5

அடுத்த சனிக்கிழமை அவன் மேப்போடு வரவில்லை. இரண்டு சைக்கிள்களை இரண்டு கையிலும் தள்ளிக்கொண்டு வாசலில் வந்து நின்றான். இரண்டும் பழசு. அக்காதான் முதலில் பார்த்தாள்.

"உன் சைக்கிள் எங்கடா?"

"இதோ, ரெண்டாயிடுச்சு."

"டேய்."

"வித்துட்டேங்க்கா. ஒரு நல்லதுக்கு ரெண்டு சுமாரு. பாக்கிக் காசு மாமாவோட அஞ்சு நாள் கூலிக்கு. இனிமே மாமா வாயத் தொறக்க முடியாது."

அந்தச் சைக்கிளை அவன் எப்படி வைத்திருந்தான் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பல் தேய்க்கும் பிரஷ்ஷால் செயினைத் தேய்ப்பான். மழை வந்தால் தன் சட்டையைக் கழற்றி அதற்குப் போர்த்துவான். அக்கா ஒன்றும் சொல்லாமல் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவப் பாத்திரம் எதுவும் இல்லை.

(முதல் பிரதியில் அவளை இங்கே அழவைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். தண்ணீர்ச் சத்தமே போதும்.)

பின்னாலேயே வந்த கணவரிடம் திரும்பாமலே சொன்னாள்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நாளைக்கு. ஊருக்கு வெளியில நம்ம குன்றுல ஓட்டிப் பாக்கலாம்கிறான். அங்க வச்சு சொல்லிடறேன்."

"சைக்கிளத் தொடாதீங்கன்னு சொல்லியிருக்காங்க."

"அந்தக் குன்று எனக்கு மனப்பாடம்மா. கண்ணே வேணாம்."

"எனக்கு வேணும்" என்றாள் அவள்.

6

குன்றில் இறங்கும்போது அவர்தான் எப்போதும் முன்னால். வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது. முன்னால் போகிறவர்தான் குரல் கொடுக்க வேண்டும். இத்தனை வருஷமும் அவர் குரல் கொடுத்தார், அவன் அதை நம்பி பிரேக்கைத் தொடாமல் வந்தான்.

ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் இறங்கினார்கள். வெயில் நன்றாக அடித்தது. அது வட்டத்துக்கு நல்லது.

"வேரு!" என்றார்.

வேர் இருந்தது.

"பள்ளம், இடப்பக்கம்!"

பள்ளம் இருந்தது.

சொல்லிவிடலாம் என்று அவர் நினைத்துக்கொண்டே வந்தார். அடுத்த வளைவு தாண்டி. இல்லை, அதற்கும் அடுத்தது. சைக்கிள் அவர் உடம்பை அறிந்து போனது. கொஞ்ச நேரத்துக்கு அவருக்கு ஒரு குறையும் இல்லை.

"கல்லு! வலப்பக்கம்!"

பின்னால் பிரேக் பிடிக்கும் சத்தம்.

"மாமா, நில்லுங்க."

நின்றார்.

"எங்க மாமா கல்லு?"

அவர் ஒரு காலை ஊன்றி, முழுத் தலையையும் வலப்பக்கம் திருப்பி, சாவித் துவாரத்தில் பார்ப்பதுபோல் பாதையோரத்தைத் தேடினார். புது மண் கொட்டிச் சமப்படுத்தியிருந்தது. அவர் தேடுவதை மைத்துனன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இங்கதானே இருந்துச்சு."

"போன தடவையே இல்ல மாமா. பாதைய சரி பண்ணினப்போ எடுத்துட்டாங்க. போன தடவையும் கத்தினீங்க. விளையாட்டுக்குன்னு நெனச்சுட்டேன்."

அவர் இன்னும் பாதையோரத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

"மேல வேருன்னு கத்தினீங்களே. அதப் பாத்தீங்களா?"

"வேரு இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு. பாத்தீங்களா?"

அவர் ஹெல்மெட்டைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டப் போனார். முதல் தடவை மாட்டவில்லை, கீழே விழுந்தது. அவன் எடுத்துக் கொடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு அவர் சொன்னார். மருத்துவமனை, வட்டம், அது சுருங்குவது, அக்காவுக்குத் தெரியும் என்பது, எல்லாம். சுருக்கமாகத்தான் சொன்னார். என்ன உடைந்திருக்கிறது, ஏன் சரிசெய்ய முடியாது என்று வீட்டுக்காரர்களிடம் சொல்வாரே, அந்தக் குரலில்.

மைத்துனன் பாதையோரப் புது மண்ணில் உட்கார்ந்தான்.

"காசு இல்லைன்னுதான் மாமா நெனச்சேன்."

"தெரியும் மாப்ள."

"அதுக்குத்தான் அங்க இங்க ஓடினேன். ஒவ்வொண்ணா சரி பண்ணப் பண்ண, அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு."

"தெரியும்."

"காசாவே இருந்திருக்கக் கூடாதா மாமா?"

7

இதற்கு மேல் என் காதில் எதுவும் விழவில்லை. முடிவு இல்லாமல் அனுப்பினால் திட்டுவீர்கள் என்று சிலதை எழுதிப் பார்த்தேன்.

அவனுக்கு முன்பே எல்லாம் தெரியும், தெரிந்தேதான் நடித்தான் என்று ஒன்று. படிக்கச் சுகமாக இருந்தது. ஆனால் தெரிந்தவன் அந்தச் சைக்கிளை விற்றிருக்க மாட்டான். கிழித்தேன்.

அவர் இறங்கும்போது சரிவில் விழுந்துவிடுகிறார் என்று ஒன்று. கதைக்காரிக்குக் கை ஓயும்போது ஆளைக் கொல்வது சுலபம். அதையும் கிழித்தேன்.

ஐந்து நாள் பயணம் போகிறார்கள், அகலமான மண் ரோட்டில், இந்த முறை அவன் முன்னால் என்று ஒன்று. மருத்துவர் சம்மதிக்க மாட்டார். அக்காவும் சம்மதிக்க மாட்டாள். ஆனால் அதில் ஒரு துண்டை மட்டும் என்னால் கிழிக்க முடியவில்லை:

"மாமா, இலை!"

"அடேய், இலைக்கெல்லாமா கத்துவாங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் என்னைக்கு முன்னால போனேன்? மாமா, இன்னொரு இல—"

அந்த வாக்கியம் அப்படியே நிற்கிறது. நிற்கட்டும்.

நான் எழுத முடிந்தது இவ்வளவுதான். இரண்டு பேரும் இன்னும் அந்தச் சரிவில்தான் இருக்கிறார்கள். ஒருவர் நிற்கிறார், ஒருவன் மண்ணில் உட்கார்ந்திருக்கிறான். நிற்கிறவரின் சட்டைப் பையில் தொலைபேசி அடிக்கிறது. வீட்டிலிருந்து. அக்கா காலையிலிருந்து வீட்டுத் தொலைபேசியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். அவர் எடுத்துப் பார்க்கிறார், பேசத் தைரியம் வரவில்லை, மைத்துனன் பக்கம் நீட்டுகிறார். அவன் வாங்கிக் காதில் வைக்கிறான்.

"அக்கா" என்கிறான்.

அந்த ஒரு சொல்லை அவன் எப்படிச் சொன்னான் என்றுதான் எனக்குக் கேட்கவில்லை. நீயுமா என்று கேட்பதுபோலச் சொன்னானா? இவ்வளவையும் தனியாகத் தாங்கிக்கொண்டிருந்தாயா என்றா? இனி வாரா வாரம் ஆரஞ்சு வாங்கி வருகிறவனின் குரலிலா? எத்தனையோ குரல்களைக் கேட்டு எழுதிவிட்டேன். இது பிடிபடவில்லை.

உங்களுக்கும் அக்காவோ, தங்கையோ, அப்படிக் கூப்பிட யாராவதோ இருப்பார்கள். ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மனசுக்குள் சொன்னால் போதாது. அந்தப் பக்கம் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறாள்.